கார் கூலிங் சிஸ்டம்: சூடு போகும் வழி, அது தடைபடும் இடங்கள், நீங்களே செய்யக்கூடிய வேலைகள்

சித்திரை வெயிலில் கார் சூடாகி நின்றால் பல ஒர்க் ஷாப்புகளில் முதலில் கிடைக்கும் யோசனை இதுதான்: "தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டிடலாம் சார், நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்ல." கழற்றியதும் சில வண்டிகளில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் இறங்கவும் செய்யும். வண்டிக்காரரும் நிம்மதியாகக் கிளம்பிவிடுவார். இந்த யோசனை ஏன் தவறு என்று புரிந்துவிட்டால் கூலிங் சிஸ்டம் முக்கால்வாசி புரிந்த மாதிரிதான். இன்ஜினை முடிந்தவரை குளிர வைப்பது அதன் வேலை என்று நினைப்பதால்தான் குழப்பமே வருகிறது. இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்க வேண்டும், ஒரு குறிப்பிட்ட சூட்டில் பிடித்து வைக்க வேண்டும், அதற்கு மேல் வருவதை மட்டும் வெளியே தள்ள வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அதன் வேலை.

நம் சாலைகளில் அதிகம் ஓடும் முன்சக்கர இழுவை பெட்ரோல் ஹேட்ச்பேக்கை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். டீசல் வண்டிக்கும் பெரும்பகுதி பொருந்தும். வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

எவ்வளவு சூடு?

பெட்ரோல் எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் சூடு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. சிலிண்டர்களின் மேல் மூடியாக உட்காரும் சிலிண்டர் ஹெட் அலுமினியக் கலவையால் ஆனது. சுத்த அலுமினியமே 660 டிகிரியில் உருகிவிடும். எரிதல் கண் இமைப்பதற்குள் முடிந்து அடுத்த சுற்றில் புதுக்காற்று உள்ளே வருவதாலும், உலோகத்துக்குப் பின்னால் சூட்டைச் சுமக்கும் திரவமான கூலன்ட் ஓடிக்கொண்டே இருப்பதாலும்தான் ஹெட் தப்பிக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1 லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கும் கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் மணிக்கு 4 லிட்டர் எரிக்கும். அதாவது சுமார் 35 கிலோவாட். இதில் வண்டியை ஓட்டப் பயன்படுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் போகிறது. மிச்சமுள்ள 10 கிலோவாட் சொச்சம் கூலன்ட் தலையில் விழுகிறது. இது சமவெளிக் கணக்கு. நாலு பேர், லக்கேஜ், ஏசி எல்லாம் சேர்த்து மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது இரண்டாவது கியரில் இன்ஜின் திணறிக்கொண்டிருக்கும். எரியும் பெட்ரோல் கூடிவிடும், முன்னால் வந்து மோதும் காற்று குறைந்துவிடும். மலைப்பாதை ஓரத்தில் பானட்டைத் திறந்து நிற்கும் வண்டிகள் அதிகம் தென்படுவது இதனால்தான்.

கூலன்ட் போகும் வழி

பயணம் வாட்டர் பம்பில் தொடங்குகிறது. பெல்ட்டால் சுழலும் புல்லி, அதே தண்டின் மறுமுனையில் இறக்கை, நடுவில் பேரிங்கும் சீலும். அவ்வளவுதான் அதன் உடம்பு. பேரிங்குக்கும் சீலுக்கும் இடையே பம்பின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் அந்தத் துளை வழியாகக் கசியும்படி வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். அங்கே ஈரமோ காய்ந்த உப்புத் தடமோ தெரிந்தால் பம்பின் காலம் முடிகிறது என்று அர்த்தம். துளையை எம்-சீல் வைத்து அடைத்துக் கொடுக்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள்; அப்படி அடைத்தால் அடுத்து பேரிங் போகும். சில இன்ஜின்களில் பம்ப் டைமிங் பெல்ட்டால் ஓடும். அந்த வண்டிகளில் டைமிங் பெல்ட் மாற்றும்போதே பம்பையும் மாற்றிவிடுங்கள். இரண்டு முறை பிரித்து மாட்டும் கூலி மிச்சமாகும்.

பம்ப் தள்ளும் கூலன்ட் பிளாக்குக்குள் சிலிண்டர்களைச் சுற்றி ஓடி, பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள கேஸ்கெட் என்ற தகட்டின் துளைகள் வழியாக ஹெட்டுக்கு ஏறுகிறது. ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு நடுவே உள்ள குறுகிய இடம்தான் மொத்த இன்ஜினிலும் கூலன்ட் அதிகம் பாடுபடும் இடம். இந்த இடத்தை நினைவில் வையுங்கள், மூடியைப் பற்றிப் பேசும்போது திரும்ப வருகிறேன்.

ஹெட்டை விட்டு வெளியே வந்ததும் எதிரே தெர்மோஸ்டாட் நிற்கிறது. சில இன்ஜின்களில் பம்புக்குள் நுழையும் பக்கம் வைத்திருப்பார்கள். இதில் மின்சாரம் எதுவும் கிடையாது. ஒரு சின்ன உலோகக் குப்பிக்குள் மெழுகு. மெழுகு உருகும்போது விரிந்து ஒரு ஊசியைத் தள்ளும், வால்வு திறக்கும். எத்தனை டிகிரியில் திறக்கத் தொடங்கும் என்பது அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும்: 82, 88 என்று வண்டிக்கு வண்டி மாறும். காலையில் வண்டியை எடுக்கும்போது இது மூடியிருப்பதால் கூலன்ட் ரேடியேட்டர் பக்கமே போகாது. ரேடியேட்டரைத் தவிர்த்துப் போகும் பைபாஸ் வழியாகவும், டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஹீட்டர் கோர் வழியாகவும் சின்னச் சுற்று ஒன்றைச் சுற்றிவரும். அதனால் சில நிமிடங்களில் இன்ஜின் தன் சூட்டுக்கு வந்துவிடும். அப்புறம் வால்வு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, தேவையான அளவு கூலன்டை மட்டும் ரேடியேட்டருக்கு அனுப்பும்.

இதைக் கழற்றி எறிந்தால் என்ன ஆகும்? இன்ஜின் சூடாக நேரமாகும். மழைக்காலத்து நெடுஞ்சாலையில் தன் சூட்டுக்கு வராமலே கூடப் போகும். இன்ஜின் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது என்று நினைத்து, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம் கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஆயிலில் சேரும் ஈரமும் ஆவியாகாது. மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் பாதையையும் அடைக்கிறது. அந்த வண்டியில் வால்வைக் கழற்றினால் பைபாஸ் திறந்தபடியே கிடக்கும். கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே சுற்றி வரும், மலை ஏறும்போது முன்னைவிட அதிகமாகச் சூடாகும். புது தெர்மோஸ்டாட் விலை குறைந்த பொருள்தான். மாட்டும்போது அதன் தட்டில் உள்ள சிறிய காற்றுத் துளை மேல்பக்கம் இருக்கும்படி மாட்டச் சொல்லுங்கள்.

பழையது வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை அடியில் படாதபடி கம்பியில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் ஏற்றுங்கள். பொறித்திருக்கும் சூட்டையொட்டித் திறக்கத் தொடங்கி, இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குள் நன்றாகத் திறக்க வேண்டும். வெளியே எடுத்து ஆறவிட்டால் முழுதாக மூட வேண்டும்.

அடுத்தது ரேடியேட்டர். மெல்லிய தட்டைக் குழாய்கள், அவற்றுக்கிடையே மடித்து மடித்து ஒட்டிய மெல்லிய தகடுகளான ஃபின்கள், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் டேங்க். கூலன்ட் இதைக் கடந்து வரும்போது பெரிதாகக் குளிர்ந்துவிடுவதில்லை, பெரும்பாலும் பத்து டிகிரிக்குள்தான் இறங்கும். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதால் அதுவே போதும். காற்று படும் பரப்புதான் இங்கே எல்லாம். 1901இல் வந்த மெர்சிடிஸ் 35 காருக்காக வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. அதற்கு முந்தைய கார்கள் பல தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆவியாக்கியே காலத்தை ஓட்டின. போகிற வழியெல்லாம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது.

ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை வெளியே விடும் என்பது கூலன்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 90 டிகிரி, வேலூரில் வெளியே 42 டிகிரி என்றால் வித்தியாசம் 48. அதே வண்டி 12 டிகிரியில் ஊட்டியில் நின்றால் வித்தியாசம் 78. சூட்டை விரட்டும் திறன் ஒன்றரை மடங்குக்கு மேல். கூலன்டை ஏன் இவ்வளவு சூட்டில் ஓட விடுகிறார்கள் என்பதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. 60 டிகிரியில் ஓட்டினால் வேலூர் மே மாதத்துக்கு வித்தியாசம் வெறும் 18. காரின் முகம் முழுக்க ரேடியேட்டர் வைத்தாலும் போதாது.

மூடிதான் முக்கியம்

ரேடியேட்டர் மூடியைப் பலரும் தண்ணீர் சிந்தாமல் இருக்க வைத்த மூடி என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது குக்கர் வெயிட் செய்யும் வேலையைச் செய்கிறது. உள்ளே அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறும். மூடியின் மேல் 0.9, 1.1 என்று எண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிக்காற்றைவிட அந்த அளவு கூடுதல் அழுத்தம் வரும்வரை ஸ்பிரிங் விடாது. 1.1 மூடி போட்ட சிஸ்டத்தில் வெறும் தண்ணீரே ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் கொதிநிலை இன்னும் சுமார் 8 டிகிரி ஏறும்.

முன்னே சொன்ன எக்ஸாஸ்ட் வால்வு இடுக்குக்கு வருவோம். அங்கே உலோகத்தின் மேல் எப்போதும் சிறு குமிழ்கள் தோன்றி, ஓடும் கூலன்டில் கலந்து மறைந்துகொண்டே இருக்கும். அழுத்தம் இருக்கும்வரை இது நல்லதுதான், குமிழ்கள் சூட்டை வேகமாக இழுத்துக்கொண்டு போகும். அழுத்தம் போனால் குமிழ்கள் ஒன்று சேர்ந்து உலோகத்தின் மேல் நீராவிப் படலமாகப் படியும். நீராவி சூட்டைக் கடத்தாது. அந்த இடம் மட்டும் சட்டென்று எகிறும், ஹெட் வளையும் கதை அங்கிருந்துதான் தொடங்கும். அப்போதும் முள் சாதாரணமாகவே காட்டலாம்.

மலையில் இது இன்னும் கூர்மையாகும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். கூலன்ட் வழக்கமாக ஓடும் சூடும் கிட்டத்தட்ட அதுதான். மூடியின் ரப்பர் வெடித்து அழுத்தம் பிடிக்காத ஒரு கார் கோயம்புத்தூரில் வருஷக்கணக்கில் தொந்தரவில்லாமல் ஓடும். கோத்தகிரி தாண்டியதும் கொதித்துத் தள்ளும். மலைக்குக் கிளம்பும் முன் ஒரே ஒரு பாகம்தான் மாற்றலாம் என்றால் பழைய மூடியை மாற்றுங்கள் என்பேன். அதே எண் போட்ட மூடியாக இருக்க வேண்டும். அதிக எண் வாங்கினால் பலம் என்று நினைத்தால் ஹோஸும் பிளாஸ்டிக் டேங்கும்தான் வெடிக்கும்.

மூடியில் இரண்டாவது வால்வு ஒன்றும் உண்டு. வண்டி ஆறும்போது கூலன்ட் சுருங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது இந்தச் சின்ன வால்வு திறந்து ரிசர்வ் பாட்டிலில் இருந்து கூலன்டைத் திரும்ப உறிஞ்சும். இது அடைத்துக்கொண்டால் காலையில் மேல் ஹோஸ் சப்பென்று ஒட்டிக் கிடக்கும்.

உங்கள் வண்டியில் மூடி எங்கே என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் மேல் அழுத்த மூடி, தனியாக ஒரு சாதாரண பிளாஸ்டிக் பாட்டில் என்றால் அந்தப் பாட்டிலில் அழுத்தம் கிடையாது. ரேடியேட்டரில் மூடியே இல்லாமல், கெட்டியான உருண்டை டேங்கில் திருகு மூடி இருந்தால் அந்த டேங்க் முழுக்க அழுத்தத்தில் இருக்கிறது. சூடாக இருக்கும்போது அதைத் தொடக் கூடாது.

ஃபேன்

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வண்டி வேகமாகப் போனால் எதிர்க்காற்றே போதும். நெரிசலிலும் நின்றிருக்கும்போதும்தான் ஃபேன் தேவை. கூலன்ட் சென்சாரைப் பார்த்து ஈசிஎம் ஓடவிடும். ஏசி போட்டால், அதன் சூட்டை வெளியே விடும் கண்டென்சருக்காகவும் ஓடும். ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னாலேயே நின்று சூடான காற்றைத்தான் பின்னால் அனுப்புகிறது. பெரிய டீசல் வண்டிகள் சிலவற்றில் இன்ஜினோடு சேர்ந்து சுழலும் விஸ்கஸ் ஃபேன் இருக்கும். நிறுத்திய பிறகும் சில கார்களில் எலெக்ட்ரிக் ஃபேன் தானாக ஓடத் தொடங்கும், விரலை உள்ளே விடாதீர்கள்.

எந்தக் கூலன்ட், எந்தத் தண்ணீர்

"நம்ம ஊர்ல என்ன பனியா கொட்டுது, எதுக்குக் கூலன்ட்?" என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்றுதான். நமக்கு வேண்டியது கொதிநிலை ஏற்றமும், அதைவிட முக்கியமாக, துருவைத் தடுக்கும் ரசாயனங்களும். அலுமினிய ஹெட், இரும்பு போல்ட், செம்பு, சோல்டர் எல்லாம் ஒரே தண்ணீரில் நனைந்திருந்தால் அரிப்பு நடந்தே தீரும்.

போர் தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர். அதில் உள்ள சுண்ணாம்பு உப்பு, எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் படியும். அதாவது ஹெட்டுக்குள், எக்ஸாஸ்ட் வால்வுக்குப் பக்கத்தில். வாட்டர் ஹீட்டரின் கம்பியில் படியும் அதே வெள்ளைப் படிவுதான். உலோகத்தோடு ஒப்பிட்டால் அது சூட்டைக் கடத்துவது மிகக் குறைவு. குளோரைடு அதிகமுள்ள தண்ணீர் அலுமினியத்தில் துளையே போடும். எனவே கலக்க வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் அல்லது உப்பு நீக்கிய டிஎம் வாட்டர்.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று கலந்தே வருவது, அப்படியே ஊற்றலாம். இன்னொன்று கான்சென்ட்ரேட், தண்ணீர் கலக்க வேண்டும். லேபிளைப் படிக்காமல் கான்சென்ட்ரேட்டை முழுதாக ஊற்றிவிடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் தண்ணீரைவிடக் குறைவான சூட்டையே சுமக்கும்; தனியாக ஊற்றினால் வண்டி அதிகம் சூடாகும். பாதிக்குப் பாதி பொதுவான அளவு. உங்கள் வண்டியின் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதுதான் சரி.

நிறத்தை நம்பாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம், பிங்க் எல்லாம் கம்பெனி கலக்கும் சாயம். இந்த நிறம் இந்த வகை என்று பொது விதி இல்லை. பழைய வகையில் சிலிக்கேட் போன்ற உப்புகள் இருக்கும், சுமார் 2 வருடம் தாங்கும். ஓஏடி என்ற கரிம அமில வகை 5 வருடம் போலத் தாங்கும். இரண்டையும் கலந்தால் காலம் குறையும். சில கலவைகள் கெட்டிப்பட்டுக் குழாயை அடைக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். நாய், பூனை நக்கிவிடும், குழந்தைகளும் வாயில் வைக்கலாம். சிந்தியதைக் கழுவுங்கள். பழையதைக் குளிர்பானப் பாட்டிலில் வைக்காதீர்கள், கிணற்றடியிலோ செடியிலோ ஊற்றாதீர்கள்.

மாதம் ஒரு முறை

காலையில், இரவு முழுக்க ஆறிய வண்டியில் பாருங்கள். பாட்டிலில் அளவு மின், மேக்ஸ் கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். ரேடியேட்டர் மேல் மூடி உள்ள வண்டியில் அதையும் திறந்து பாருங்கள், கழுத்து வரை நிறைந்திருக்க வேண்டும். பாட்டில் நிறைந்தும் ரேடியேட்டர் குறைந்தும் இருந்தால் மூடியின் உறிஞ்சும் வால்வு கெட்டிருக்கலாம். ஹோஸ்களை அமுக்கிப் பாருங்கள்; உப்பியோ விரிசல் விட்டோ கொழகொழவென்றோ இருக்கக் கூடாது. கிளாம்ப் ஓரத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்திருந்தால் அங்கே கசிகிறது. ரேடியேட்டர் முகத்தில் பூச்சி, சேறு, வைக்கோல் தூசி அடைந்திருந்தால் சாதாரண குழாய்த் தண்ணீரை இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கம் நோக்கி விடுங்கள். வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை நேராக வைத்தால் ஃபின்கள் மடங்கிவிடும். கடைசியாக ஏசியைப் போட்டு ஃபேன் ஓடுகிறதா என்று கேளுங்கள்.

இது மூடிய சிஸ்டம். மாதா மாதம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ போகிறது. ஊற்றி ஊற்றி ஓட்டிச் சமாளிப்பது கேஸ்கெட் செலவைத் தள்ளிப்போடுவதுதான்.

கூலன்ட் மாற்றுவது

1. இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். வண்டி சமதரையில், ஹேண்ட் பிரேக் போட்டு நிற்கட்டும். ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வையுங்கள். சில வண்டிகளில் ஹீட்டர் கோருக்கு வழி அப்போதுதான் திறக்கும்.

2. மூடியைத் திறங்கள். ரேடியேட்டரின் அடியில் டிரெயின் திருகு இருக்கும், கீழே தொட்டியை வைத்துத் திறங்கள். திருகு இல்லாத வண்டியில் அடி ஹோஸின் கிளாம்பைக் கழற்ற வேண்டும். பிளாஸ்டிக் திருகு பழசாக இருந்தால் மெதுவாக, உடைந்தால் ரேடியேட்டருக்கே வேலை வந்துவிடும்.

3. வடிந்ததன் நிறத்தைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் நேராக ஐந்தாவது வேலைக்குப் போகலாம். துரு நிறமாகவோ கசடாகவோ இருந்தால் கழுவ வேண்டும்.

4. டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, இன்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸ் சூடாகும்வரை காத்திருந்து, அணைத்து, ஆறவிட்டு, வடியுங்கள். தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். கடுமையான கிளீனர் ரசாயனங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய வண்டியில் கசடுதான் சில ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்கும்.

5. திருகை மூடிப் புதுக் கூலன்டை மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். சின்னக் கார்களுக்கு 4 லிட்டர் அளவில் பிடிக்கும். சரியான அளவு மேனுவலில் இருக்கும். தெர்மோஸ்டாட் பொருத்திய கூட்டிலோ ஹோஸிலோ காற்று விடும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழ் நின்று கூலன்ட் மட்டும் வந்ததும் முறுக்குங்கள்.

6. ரேடியேட்டரில் மூடி உள்ள வண்டியில் மூடியைத் திறந்தபடியே இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். குமிழ்கள் வரும், அளவு இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். முகத்தை மூடிக்கு மேலே நீட்டாதீர்கள். மட்டம் பொங்கி ஏறத் தொடங்கியதும் மூடியைப் போட்டுவிடுங்கள். அழுத்த டேங்க் உள்ள வண்டியில் தொடக்கத்திலேயே மூடிவிட்டு ஓடவிடுவதுதான் வழக்கம்.

7. மேல் ஹோஸ் திடீரென்று சூடானால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று பொருள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். ஹீட்டரில் நல்ல சூடு வர வேண்டும். சில்லென்று வந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது.

8. முழுதாக ஆறிய பிறகு அளவு பார்த்து ஊற்றுங்கள். அடுத்த சில நாள் காலையில் பாட்டிலைப் பாருங்கள், கொஞ்சம் இறங்கும். அப்புறம் நின்றுவிட வேண்டும்.

எப்போது சூடாகிறது என்று பாருங்கள்

மெக்கானிக்கிடம் "ஹீட் ஆகுது" என்று மட்டும் சொன்னால் அவர் ஊகத்தில் பாகம் மாற்றுவார். எப்போது என்பதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

சிக்னலிலும் நெரிசலிலும் சூடாகி, நெடுஞ்சாலையில் இறங்கினால் காற்றோட்டக் குறை: ஃபேன் மோட்டார், ரிலே, ஃபியூஸ், வயர், அல்லது ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்தது. நெரிசலில் சாதுவாக இருந்து வேகத்திலும் ஏற்றத்திலும் மட்டும் சூடானால் கூலன்ட் ஓட்டத்தில் குறை: ரேடியேட்டர் குழாய் உள்ளே அடைப்பு, முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட், அரித்துப்போன பம்ப் இறக்கை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் தெரியும் குறை ஊருக்குள் ஓட்டும்போது தெரியாமலே இருக்கும். முள் ஏறி இறங்கி ஆட்டம் காட்டினால் கூலன்ட் குறைவு அல்லது காற்று அடைப்பு. நெடுஞ்சாலையில் முள் வழக்கத்தைவிடக் கீழே போனால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டது. இல்லையென்றால் யாரோ முன்பே கழற்றிவிட்டார்கள்.

முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டுநர் பதறாமல் இருப்பதற்காக, பரந்த சூட்டு வரம்பில் நடுவிலேயே நிற்கும்படி பல கம்பெனிகள் அதை அமைத்திருக்கின்றன. அது நகர்ந்தால் ஏற்கனவே தாமதம். பல புதிய சின்னக் கார்களில் முள்ளே கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, எல்லை மீறினால் சிவப்பு, நடுவில் ஒன்றும் இல்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓபிடி அடாப்டரை வண்டியின் சோதனைச் சாக்கெட்டில் செருகினால் உண்மையான டிகிரி போனிலேயே தெரியும். மலைப் பயணம் அடிக்கடி போகிறவர்கள் வாங்கி வைக்கலாம்.

கூலன்ட் குறைகிறது, ஆனால் தரையில் சொட்டு இல்லை என்றால், முன்பக்கக் கால்மிதி ஈரமாக இருக்கிறதா, ஏசி போட்டதும் இனிப்பு வாடை வருகிறதா, கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் பனி படர்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. அதுவும் இல்லையென்றால் இன்ஜின் உள்ளே குடிக்கிறது. லாரி டிரைவர்கள் அந்தக் காலத்தில் மஞ்சள் தூளைக் கொட்டிச் சின்ன ஒழுக்கை அடைத்து ஊர் போய்ச் சேருவார்கள். பழைய அகலக் குழாய் ரேடியேட்டருக்கு அது தாங்கியது. இன்றைய மெல்லிய குழாய்களில் மஞ்சளும் சரி, கடையில் விற்கும் லீக் அடைப்பானும் சரி, ஓட்டையோடு சேர்த்து வழியையும் அடைக்கும்.

வழியில் முள் ஏறினால்

முள் நடுவைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், புளோயரை முழு வேகத்தில் வையுங்கள், ஜன்னல்களை இறக்குங்கள். வியர்த்துக் கொட்டும், பரவாயில்லை. ஹீட்டர் கோர் இரண்டாவது ரேடியேட்டராக வேலை செய்து இன்ஜின் சூட்டைக் காருக்குள் இழுக்கும். ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி நிழலான இடமாகப் பார்த்து ஓரம் கட்டுங்கள்.

நின்ற பிறகு அணைப்பதா, ஓடவிடுவதா? நீராவி இல்லை, ஒழுகவில்லை, ஃபேன் ஓடுகிறது, முள் சிவப்புக்கு வரவில்லை என்றால் ஐடிலில் விடுங்கள். அணைத்தால் பம்ப் நின்று, ஹெட்டில் உள்ள சூடு அங்கேயே தேங்கும். நீராவியோ சிவப்பு விளக்கோ வந்துவிட்டால் யோசிக்காமல் அணையுங்கள். ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று தானாகக் கீழே விழுந்தாலும் அணையுங்கள். கூலன்ட் தீர்ந்து சென்சார் காற்றில் தொங்கினால் முள் இறங்கும். பல இன்ஜின்கள் போவது இந்தச் சந்தோஷத்தில்தான்.

மூடியைத் திறக்கக் குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள். மேல் ஹோஸை அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும். கல்லாக இருந்தால் உள்ளே அழுத்தம் இன்னும் இருக்கிறது. அழுத்தத்தில் இருக்கும் 110 டிகிரிக் கூலன்ட், மூடி தளர்ந்த நொடியில் ஆவியாகிப் பீறிடும். முகமும் கையும் வெந்துபோவது இப்படித்தான். ஆறியதும் கனத்த துணியைப் போட்டு முதல் தடுப்பு வரை மட்டும் மெதுவாகத் திருப்பி, சீறல் நின்ற பிறகு முழுதாகத் திறங்கள்.

இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான ஹெட் விரிசல் விடும். உள்ளே ஊற்றுவதற்கும் இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். அவசரத்துக்கு எந்தத் தண்ணீரும் சரிதான். குடிக்கும் தண்ணீர்ப் பாட்டில் இருந்தால் அது போர் தண்ணீரைவிட மேல். ஊருக்கு வந்ததும் வடித்துவிட்டுச் சரியான கூலன்ட் நிரப்புங்கள்.

கேஸ்கெட் போயிருக்கிறதா?

ஒருமுறை நன்றாகக் கொதித்த வண்டியில் இதைச் சோதிக்காமல் விடக் கூடாது. அலுமினிய ஹெட் வளைந்தால் கேஸ்கெட் பிடிப்பு விட்டு, சிலிண்டரில் எரிந்த புகை கூலன்டுக்குள் புகும். அறிகுறிகள்: ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, ரேடியேட்டர் வாயில் நிற்காமல் குமிழ் வருவது, சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை, ஆயில் மூடியின் அடியில் வெளிர்ப் பழுப்புப் பிசுக்கு. கடைசியாகச் சொன்ன அறிகுறி ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் ஈரத்தாலேயே மூடியில் அப்படிப் படியும்.

உறுதி செய்ய ஒரு எளிய கருவி உண்டு. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, உள்ளிருக்கும் காற்றை நீலத் திரவத்தின் வழியே இழுப்பார்கள். எரிந்த புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்றும் முன் இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். சோதனையில் தேறாமல் ஹெட்டைக் கழற்ற வேண்டியதாகிவிட்டால், புதுக் கேஸ்கெட்டை மட்டும் போட்டு மாட்ட விடாதீர்கள். ஹெட்டை லேத்துக்கு அனுப்பி மட்டம் பார்க்க வேண்டும், வளைந்திருந்தால் சீவி மட்டமாக்கும் ஃபேஸிங் செய்ய வேண்டும், விரிசலுக்கு அழுத்தச் சோதனையும் வேண்டும். மேனுவல் சொல்லும் வண்டிகளில் ஹெட் போல்ட்டுகளும் புதிது. எந்தக் குறையால் முதலில் சூடானதோ, அந்த ஃபேனோ மூடியோ பம்போ, அதையும் அதே பில்லில் சரி செய்யுங்கள். தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டினார்களா என்று பழைய பாகங்கள் இருக்கும் டப்பாவைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.